முன்பின் அறியாத மேசை

(வானொலி இலக்கியத் தொடரில் வாசிக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்குச் சாப்பாடு பற்றிய விடயத்தை எடுத்திருக்கிறேன். அதிலும் இரவுச் சாப்பாடு. அதிலும் முன்பின் அறியாத ஊரில், முன்பின் அறியாத கடையில், வயிறார உண்ணும் இரவுச் சாப்பாடு. இலக்கியத் தொடரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். இடம் உண்டு. நமது பழைய இலக்கியத்தின் ஒரு பெரும் பகுதி, பசியோடு வழிநடந்தவன் எங்கே சாப்பிட்டான் என்பதைத்தான் பேசுகிறது. அதைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். கல்முனையிலிருந்து மேற்கே திரும்பி, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து, நாவிதன்வெளிப் பக்கமாகப் போனால் சவளக்கடை வரும். இருபுறமும் வயல். பெயரின் முடிவிலே ‘கடை’ நிற்கிறது. ‘கடை’ என்ற சொல்லுக்கு இன்று நம் நாவில் நிற்கும் பொருள் பண்டம் விற்கும் இடம் என்பது. ஆனால் பழந்தமிழில் அதற்கு வாசல் என்ற பொருள் உண்டு. பரிசில் கேட்டு வந்த பாணனும் புலவனும் வந்து நின்ற இடம் வள்ளலின் கடை, அதாவது வாசல். இந்த ஊர்ப் பெயருக்கு எந்தப் பொருளைக் கொள்வது என்று ஆராய நான் வரவில்லை. எனக்குப் பிடித்தது அந்தச் சொல்லில் இரண்டு பொருளும் ஒன்றாய் இருப்பதுதான். கடை என்றால் வாசல். யாரும் வந்து நிற்கலாம். பெயர் கேட்கமாட்டார்கள், ஊர் கேட்கமாட்டார்கள், ‘என்ன வேணும்?’ என்றுதான் கேட்பார்கள்.

இந்தப் பாதையில் யார் யார் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வயலுக்குப் போகும் போடியார், அவருடைய முல்லைக்காரர், வெட்டுக் காலத்தில் வெளியூர்களிலிருந்து வரும் கூலியாட்கள், நெல் ஏற்றும் லொறிக்காரர், மத்தியமுகாம் பக்கத்துக் குடியேற்றக் கிராமங்களுக்குப் போகும் ஆசிரியர், மாட்டு வியாபாரி, தயிர் வியாபாரி. 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டம் இந்த மாவட்டத்தின் காட்டை வயலாக்கியது. அதோடு பல மொழிக்காரர், பல சமயத்தவர் ஒரே வாய்க்கால் தண்ணீரை நம்பி வாழும் நிலையும் வந்தது. அப்படிப்பட்ட நிலத்தில் ஒருவருக்கொருவர் சொந்தமில்லாதவர்கள் ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்தில் உட்காரும் இடங்கள் எத்தனை? ஆஸ்பத்திரி ஒன்று, பஸ் ஒன்று, சாப்பாட்டுக் கடை ஒன்று. ஆஸ்பத்திரியில் நோயோடு இருப்போம். பஸ்ஸில் இடத்துக்குப் போட்டி போடுவோம். சாப்பாட்டுக் கடையில்தான் அமைதியாக, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தபடி இருப்போம்.

இரவு ஏழு மணிக்குப் பிறகு நம் கிழக்குக் கரையில் ஒரு சத்தம் எழும். இரும்புத் தட்டின்மேல் இரண்டு இரும்புத் தகடுகள் ஓடும் சத்தம். பெயர்ப்பலகை வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், அந்தச் சத்தம் போதும். கொத்து ரொட்டி தயாராகிறது என்று ஊருக்கே தெரியும். கடைக்குள் நுழைந்து உட்கார்ந்தால் மேசைக்கு வருவது இடியப்பம், பிட்டு, ஆப்பம், பராட்டா. பக்கத்தில் இறைச்சி ஆணம், சொதி, சம்பல். களப்போரமென்றால் பொரித்த விராலோ பனையானோ இருக்கும். கடைசியில் சட்டித் தயிரும் பாணியும். சூடாக ஒரு பிளேன்டீ. பகல் முழுவதும் வெயிலில் நின்றவனுக்கு இது விருந்து.

நேயர்களே, நமது கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. நாம் பழகிவிட்டதால் அதன் பெருமை நமக்குத் தெரிவதில்லை. நாம் உட்கார்ந்தவுடன் பையன் ஒரு தட்டு நிறையப் பராட்டாவையோ, ரோல்ஸையோ, வடையையோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவான். எத்தனை வேண்டும் என்று கேட்கமாட்டான். நாம் வேண்டியதை எடுப்போம், மிச்சத்தை விடுவோம். எழுந்து காசு மேசைக்குப் போனால் முதலாளி கேட்பார்: “என்ன சாப்பிட்டீங்க தம்பி?” நாம் சொல்வோம்: “மூணு பராட்டா, ஒரு இறைச்சி, ஒரு பிளேன்டீ காக்கா.” பல கடைகளில் அந்தச் சொல்லுக்கு அவர் காசு வாங்குவார். நம்மை அவர் முன்பின் கண்டதில்லை. அவருடைய குசினியை நாம் பார்த்ததில்லை. அவர் வைத்ததை நாம் நம்பி உண்டோம். நாம் சொன்னதை அவர் நம்பிக் காசு வாங்கினார். இரண்டு நம்பிக்கைகள் ஒரு மேசையில் சந்தித்து, காசு கைமாறி, பிரிந்து போகின்றன. உலகத்தின் எத்தனையோ பெரிய ஒப்பந்தங்களில் இவ்வளவு நம்பிக்கை இருக்காது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். பத்துப்பாட்டில் ஆற்றுப்படை என்றொரு வகை இருக்கிறது. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வழியிலே வறுமையோடு வரும் இன்னொரு பாணனைக் கண்டு, ‘நீயும் போ, இந்த வழியாகப் போ’ என்று சொல்வதுதான் அதன் அமைப்பு. அந்த வழி எதைக்கொண்டு சொல்லப்படுகிறது? பெரும்பாலும் சாப்பாட்டைக்கொண்டு. நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையை எடுங்கள். கடற்கரைப் பட்டினத்துக்குப் போனால் சுட்ட மீன் கிடைக்கும். வேட்டுவர் ஊருக்குப் போனால் புளி சேர்த்துச் சமைத்த சோறும் சுட்ட இறைச்சியும் கிடைக்கும். உழவர் ஊருக்குப் போனால் வெண்சோற்றோடு நண்டுக் கறி கிடைக்கும். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒவ்வொரு தட்டு. இன்று கல்முனைக் கரையிலிருந்து கிட்டங்கி கடந்து வயல்நிலத்துக்குப் போகிறவன் கடல்மீனிலிருந்து களப்புமீனுக்கும், அங்கிருந்து புத்தரிசிக்கும் எருமைத் தயிருக்கும் போகிறான். அது ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் நெய்தலிலிருந்து மருதத்துக்குப் போன பயணம் அது.

ஆற்றுப்படையில் இன்னொரு நுட்பம் உண்டு. வழி சொல்பவன் தானே அங்கு உண்டு வந்தவன். கேள்விப்பட்டதைச் சொல்பவனல்ல. முன்பின் அறியாத கடைக்கு நம்மை அழைத்துப் போகத் தகுதியுள்ளவனும் அவன்தான். லொறிச் சாரதி ஒருவர், ‘அந்தச் சந்திக் கடையில நிறுத்துவம், இடியப்பம் நல்லம்’ என்று சொன்னால் அது பாணன் வாக்கு. அவர் உண்டிருக்கிறார், உயிரோடு இருக்கிறார், மறுபடியும் போக விரும்புகிறார். இதைவிட நல்ல சான்றிதழ் எது?

நமது தீவுக்கு 1344ஆம் ஆண்டு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவும் இதே விடயத்தைக் கவனித்திருக்கிறார். மலபார்க் கரையில், பிற சமயத்தவர் வீட்டுக்குள் தன்னைப் போன்றவர்கள் போக முடியாது என்றும், அவர்களுடைய பாத்திரத்தில் உண்ண முடியாது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் வாழையிலையில் சோற்றை வைத்துத் தருவார்கள் என்றும் எழுதுகிறார். புத்தளத்தில் கரையிறங்கி, பாவாத மலைக்குப் போய்த் திரும்பிய அவர், இந்த நாட்டைப் பற்றி எழுதும்போது வேறுவிதமாகச் சொல்கிறார். இங்குள்ள பிற சமயத்தவர் வழிப்போக்கரான முஸ்லிம்களை மதிக்கிறார்கள், வீட்டில் தங்க வைக்கிறார்கள், உணவு கொடுக்கிறார்கள் என்கிறார். ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுக்கு முன் ஒரு அந்நியன் நம் நாட்டுக்கு எழுதிக் கொடுத்த நற்சான்று அது. அரசனின் யானைகளையும் மாணிக்கங்களையும் பற்றி எழுதிய அதே பேனாவால் சோறு கொடுத்தவர்களைப் பற்றியும் எழுதினார். பயணி நினைவில் வைப்பது எது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

விருந்தோம்பல் வேறு, சாப்பாட்டுக் கடை வேறு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். திருக்குறளில் ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். அது காசு வாங்காத சோற்றைப் பற்றியது. கடையில் காசு கொடுக்கிறோம். ஆனால் காசு கொடுப்பதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. வீட்டு விருந்தாளி நன்றிக்கடன் படுகிறான். கடையில் உண்பவன் கடன்படுவதில்லை. கூலியாளும் போடியாரும் ஒரே பராட்டாவுக்கு ஒரே காசு கொடுக்கிறார்கள். பசித்தவன் கை நீட்டாமல், தலை குனியாமல் உண்ணக்கூடிய இடம் கடை.

சீன நாட்டிலே கைஃபெங் என்ற தலைநகரம் 1127இல் பகைவர் கையில் வீழ்ந்தது. அங்கு வாழ்ந்து தெற்கே ஓடிப்போன மெங் யுவான்லாவ் என்பவர், இழந்த நகரத்தை நினைத்து 1147இல் ஒரு நூலை முடித்தார். அதில் அரண்மனைகள் மட்டுமல்ல, சாப்பாட்டுக் கடைகளும் நிறைய வருகின்றன. வெளியூரிலிருந்து வந்த தென்னாட்டாருக்கென்று தென்னாட்டுச் சமையல் கடைகள் இருந்தன. பரிமாறுபவர் ஒவ்வொரு மேசையிலும் கேட்டதை எழுதாமல் மனதில் வைத்து, குசினிக்குக் கேட்கும்படி உரத்துப் பாடுவார். ‘ரெண்டு முட்டைக் கொத்து, ஒரு பராட்டா செற்!’ என்று நம் கடைப் பையன் உள்ளே பார்த்துக் கூவும்போது, அந்தத் தொழிலின் வயது சில நூற்றாண்டுகள் என்பதை நினைத்துக்கொள்ளலாம். ஊரை இழந்தவன் முதலில் நினைத்துப் பார்ப்பது அந்த ஊரின் இரவுக் கடையைத்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கடை திறந்திருந்தால் போதுமா? வாசல் எல்லோருக்கும் திறந்திருந்ததா? இல்லை. தமிழ்நாட்டில், சென்னை திருவல்லிக்கேணியில், ஹோட்டல் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கும்படி 1957இல் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். நமது நாட்டில், யாழ்ப்பாணத்திலே, சாதியின் பெயரால் தேநீர்க்கடைக்குள் விடப்படாதவர்கள் இருந்தார்கள். வெளியே நிறுத்தி, போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் கொடுத்தார்கள். 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி ஊர்வலத்தோடு எழுந்த போராட்டம், அடுத்த ஆண்டுகளில் சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி, கொடிகாமம் ஆகிய இடங்களின் தேநீர்க்கடைகளுக்குள் நுழைந்தது. ‘பஞ்சமர்’ நாவலை எழுதிய கே. டானியல் அந்த இயக்கத்தில் முன்னின்றவர்களில் ஒருவர். ஒரு கோப்பை தேநீரை, மற்றவர் குடித்த கோப்பையில், மற்றவர் இருந்த வாங்கில் இருந்து குடிப்பதற்காக மனிதர் அடிபட்டார்கள், உயிரையும் கொடுத்தார்கள். ஆகவே இன்று நாம் எந்தக் கடைக்குள்ளும் கேள்வியில்லாமல் நுழைந்து உட்காருவது இயற்கையாக வந்த உரிமையல்ல. யாரோ வாங்கித் தந்த உரிமை.

இனி இந்த மேசையிலுள்ள சொற்களைப் பாருங்கள். மேசை என்ற சொல்லே போர்த்துக்கீசர் விட்டுப் போனது. குசினியும் அவர்களுடையது, பாணும் அவர்களுடையது. சம்பல் மலாய்க்காரரோடு வந்தது. பராட்டா வட இந்தியச் சொல். நாம் ஆப்பம் என்பதைச் சிங்களவர் ‘ஆப்ப’ என்பர். இடியப்பம் அவர்களுக்கு ‘இந்தி ஆப்ப’. பிட்டு பிட்டுதான், கொத்து கொத்துதான். நமது சொதி அவர்களுடைய ‘ஹொதி’. அரசியல் மேடையிலே இரண்டு மொழிகளும் எவ்வளவோ சண்டை பிடித்தன. சாப்பாட்டு மேசையிலே அவை சண்டை பிடிக்கவில்லை. ஒரு சிங்களப் பயணி கல்முனையில் உட்கார்ந்து சாப்பாட்டின் பெயரை மட்டும் சொன்னால் போதும், பையனுக்கு விளங்கும்.

கொத்து ரொட்டியின் கதையும் இப்படிப்பட்டதே. கோதுமை இந்த மண்ணின் பயிரல்ல. கப்பலில் வந்த மா அது. 1970களில் அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத் தடை இருந்தது. பாணுக்கு விடியற்காலையிலிருந்து வரிசை நின்றார்கள். நெல் விளையும் நாட்டிலேயே மாவை நம்பி வாழும் பழக்கம் அந்நாட்களில் வேரூன்றியது. 1980இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. மாவைப் பிசைந்து, எண்ணெயில் ஊறவைத்து, வீசி, மெல்லிதாக்கிச் சுட்ட ரொட்டியை இறைச்சியோடும் முட்டையோடும் லீக்ஸோடும் கொத்தி, ஆணம் ஊற்றிப் புரட்டினால் கொத்து. அது எந்த வீட்டுப் பாட்டியின் சமையலும் அல்ல. கடையிலே, வீதியோரத்திலே, இரவிலே வளர்ந்த சாப்பாடு. அதனால்தான் அது எல்லோருக்கும் சொந்தமாயிற்று.

இந்த இடத்தில் ஒரு கசப்பான செய்தியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, நமது மாவட்டத்தின் தலைநகரான அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட வந்தவர்கள் ஆணத்தில் ஒரு வெள்ளைக் கட்டியைக் கண்டார்கள். பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் மருந்து போட்டிருக்கிறாயா என்று கேட்டு, காசு மேசையில் இருந்தவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. பயத்திலும் குழப்பத்திலும் ‘ஆம்’ என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் படமாக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தில் திகன பக்கமாகக் கலவரம் மூண்டபோதும் இந்த வதந்தி மக்கள் வாயில் இருந்தது. மார்ச் 6ஆம் திகதி நாட்டில் அவசரகாலச் சட்டம் வந்தது. பிறகு அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னார்: அது மாவுக் கட்டி, மருந்து எதுவும் அதில் இல்லை. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்பதையும் மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

நேயர்களே, இந்தச் சம்பவத்தைப் பலர் அரசியலாகப் பேசினார்கள். அது நியாயமே. நான் இதைச் சாப்பாட்டு மேசையின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். அங்கு வந்தவர்களும் அறியாத கடையில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள்தான். ஆணத்தைத் தடிப்பாக்க மாக் கரைத்து ஊற்றுவது பல குசினிகளில் நடப்பது. கரைத்தது சரியாகக் கரையாவிட்டால் கட்டி விழும். சமைக்கிற எவருக்கும் அது தெரியும். சமையல் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் சிரித்துவிட்டுக் கரண்டியால் நசுக்கிக் காட்டியிருப்பார். இரண்டு மொழி தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் கேள்வி கேள்வியாகவே விளங்கியிருக்கும். இரண்டும் இல்லாத இடத்தில் வதந்தி முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. ஆப்பம், பிட்டு என்ற சொற்கள் இரு மொழிக்கும் பொது என்று சற்று முன் சொன்னேன். சாப்பாட்டின் பெயர் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது, சந்தேகத்தைக் கேட்கவும் பதில் சொல்லவும் பொது மொழி வேண்டும் என்பதே அம்பாறை தந்த பாடம்.

அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, முஸ்லிம்களின் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற குரல் பல ஊர்களில் கேட்டது. பல கடைகள் வெறிச்சோடின. குற்றம் செய்தவர்கள் யாரோ, வாங்குகள் வெறுமையானது பராட்டா அடிப்பவருக்கு. ஆனால் காலம் போகப் போகப் பலர் திரும்பி வந்தார்கள். அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது எந்த மாநாட்டுத் தீர்மானமும் அல்ல. பசியும், பழகிய ருசியும், ‘வாங்க, இரிங்க’ என்ற சொல்லும்தான்.

இதற்கு நேர்மாறான நாட்களும் நம் நினைவில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி, மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் சிதைந்தபோது, உயிர் தப்பி மேற்கே ஓடியவர்கள் உண்ட முதல் கவளம் முன்பின் அறியாதவர் கையால் வந்தது. யார் சமைத்தது என்று அன்று எவரும் கேட்கவில்லை. அன்று கேட்காத கேள்வியை வேறு நாளில் கேட்க நமக்கு என்ன நியாயம்?

சரி, நம்பிக்கை என்றால் கண்ணை மூடிக்கொண்டு உண்பதா? அதுவும் இல்லை. நம்பிக்கைக்கும் கண் உண்டு. அறியாத கடையில் சாப்பிடப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, கூட்டமுள்ள கடையைப் பாருங்கள். கூட்டம் ருசிக்கு மட்டும் சாட்சியல்ல. சமைத்தது உடனுக்குடன் தீர்கிறது, பழையது தங்குவதில்லை என்பதற்கும் சாட்சி. இரண்டாவது, உங்கள் கண்முன்னே சூடாவதைக் கேளுங்கள். கொத்து, ஆப்பம், முட்டை ரொட்டி எல்லாம் கேட்ட பிறகு நெருப்பில் ஏறுபவை. கொத்துச் சத்தம் காதுக்கு இனிமை மட்டுமல்ல, வயிற்றுக்கும் ஒருவகைப் பாதுகாப்பு. மூன்றாவது, ஆறிப்போன சோற்றிலும், மூடாமல் வைத்த ஆணத்திலும் கவனமாயிருங்கள். சோற்றில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பிவிடும். சோறு ஆறி மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சைக் கக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவேதான் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் ஆறவிடக்கூடாது, சூடாக வைப்பதானால் 60 பாகை செல்சியசுக்கு மேல் வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான்காவது, கை கழுவும் இடத்தைப் பாருங்கள். நமக்குக் காட்டும் தண்ணீர்த் தொட்டி எப்படியோ, காட்டாத குசினியும் அநேகமாக அப்படியே.

ஐந்தாவது, சந்தேகம் வந்தால் கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள். “காக்கா, இது என்ன?” என்று கேட்டால் அவர் கோபிக்கமாட்டார். குறை பெரிதாயிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. சந்தேகத்துக்குச் சட்டத்தில் வழி உண்டு, கல்லுக்கும் நெருப்புக்கும் அங்கு வேலையில்லை.

கடை நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளாந்தம் வருபவர் உங்கள் தவறை மன்னிப்பார். ஒரே ஒரு முறை வருபவர் மன்னிக்கமாட்டார், அந்த ஒரு முறையை ஊர் ஊராய்க் கொண்டுபோவார். அவருக்கு நீங்கள் தரும் ஒரு தட்டுச் சாப்பாடுதான் உங்கள் ஊர், உங்கள் சமூகம், உங்கள் தொழில் எல்லாம். அறியாத முகத்தைக் கண்டு விலையைக் கூட்டுவது, நேற்றைய இறைச்சியை இன்றைய ஆணத்தில் போடுவது இரண்டும் ஒரே வகைக் களவு. விலைப்பட்டியலைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், முடிந்தால் இரு மொழியிலும் தொங்கவிடுங்கள். வேலைக்கு நிற்கும் தம்பிமாருக்குப் பத்துச் சிங்களச் சொல் கூடுதலாகக் கற்றுக்கொடுங்கள். அது வியாபாரத்துக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

2022ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. எரிவாயு இல்லை, பால்மா இல்லை, மா விலை ஏறியது. பல கடைகள் மூடின, சில கடைகள் விறகுக்குத் திரும்பின. அந்த நாட்களில் ஒரு பராட்டா சற்றுச் சிறுத்தது என்று குறைபட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் விளக்கு எரிந்த கடை ஒன்றைக் கண்டபோது இருட்டு வீதியில் வந்தவருக்கு உண்டான ஆறுதலை யார் அளப்பது? 2009ஆம் ஆண்டுக்கு முன் இந்தப் பாதைகளில் பயணித்தவர்களுக்கு அந்த ஆறுதல் இன்னும் நன்றாக விளங்கும். மாலை ஆறு மணியோடு வீதி அடங்கிவிடும். சோதனைச் சாவடிகள். இரவுச் சாப்பாடு என்பது வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு உண்பது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு சந்தியில் கொத்துச் சத்தம் கேட்பது என்றால் அங்கு அமைதி இருக்கிறது என்று பொருள். ஒரு நாட்டின் நிலையை அறியப் பத்திரிகை படிக்கலாம், வானொலி கேட்கலாம். இரவில் எத்தனை சாப்பாட்டுக் கடைகள் பயமின்றித் திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தும் அறியலாம்.

வயிறார உண்பது பற்றி ஒரு சொல். வயிறாரவென்றால் வயிறு வெடிக்கவென்று அர்த்தமல்ல. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வைத்ததுபோல, அளவறிந்து உண்பதைச் சொல்ல ‘மருந்து’ என்ற அதிகாரத்தையும் வைத்தார். தட்டில் மிச்சம் விடாமல், உடலுக்கு மிஞ்சாமல், மனம் நிறைய உண்பதே வயிறார உண்பது. மனம் நிறைவதற்கு எதிரே இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுவதும் உதவும்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை நீங்கள் அறியாத ஊரொன்றைக் கடந்து போகும்போது, வழக்கமான கடை வரும்வரை பசியை அடக்கிக்கொண்டு போகாதீர்கள். நம்முடைய ஆட்களின் கடை எங்கே என்று தேடிக்கொண்டும் போகாதீர்கள். வெளிச்சம் தெரியும் இடத்தில் இறங்குங்கள். தமிழர் கடையில் முஸ்லிமும், முஸ்லிம் கடையில் சிங்களவரும், சிங்களவர் கடையில் தமிழரும் அவரவர் விலக்குகளைத் தெளிவாகச் சொல்லி, கிடைப்பதை உண்ணலாம். “எனக்கு இறைச்சி வேண்டாம், மரக்கறி இருக்கா?” என்று கேட்பதில் யாருக்கும் அவமானம் இல்லை. விலக்கை மதிப்பதும் விருந்தோம்பலின் ஒரு பகுதிதான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள் நம் முன்னோர். அந்தப் பழமொழியில் உப்பிட்டவர் யாராக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இல்லை. காசு கொடுத்து உண்ட உப்பும் உப்புத்தான். அந்த உப்பை உண்டவன் மறுநாள் வதந்தி ஒன்று கேட்டால், ‘நில், நான் அங்கு சாப்பிட்டவன், எனக்குத் தெரியும்’ என்று சொல்லக்கூடியவன். ஒவ்வோர் ஊரிலும் அப்படிச் சொல்லக்கூடிய நாலு பேர் இருந்தால் போதும்.